வியாழக்கிழமை மாலை யாருக்கு?

(டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் வட்டாரத்துத் தமிழ்ச் சபையொன்றில், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோர் கூடிய ஜூலை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளியே ஜூலை வெயில் கொளுத்துகிறது. காரை நிறுத்திவிட்டு இந்த வாசலுக்கு நடந்து வருவதற்குள் உள்ளங்கால் சுடுகிறது. அப்படியும் வந்திருக்கிறீர்கள் என்றால் காரணம் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் வருகிறது! உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புத்தகப் பட்டியல்கள் கிடக்கின்றன. பாதி நிரப்பிய பிளானர் கிடக்கிறது. "இந்த வருஷம் கணக்குக்கு எந்தப் புத்தகம் எடுக்கிறீங்க?" என்று வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் தலை சுற்றுகிறது. இல்லையா?

நான் எந்தப் புத்தகத்துக்கும் சிபாரிசு சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். வருகிற ஆண்டுக்குத் திட்டம் போடும்போது நாம் ஆண்டவரிடம் கேட்கிறோமா, காட்டுகிறோமா?

வித்தியாசம் என்ன என்கிறீர்களா? கேட்கிறவன் வெறுங்கையோடு போவான். காட்டுகிறவன் கையில் பைலோடு போவான். "ஆண்டவரே, எல்லாம் தயார், கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடும்" என்பான். நாம் ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் எத்தனையோ ஜெபங்கள் இந்தக் கையெழுத்து வாங்கும் வேலைதான்.

ஊரைக் குறை சொல்ல நான் வரவில்லை. முதல் குற்றவாளி நானே.

எங்கள் மூத்தவனை வீட்டில் படிக்க வைப்பது என்று தீர்மானித்த வருஷம். டிசம்பர் 31 இரவு ஆராதனை. நம் சபைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கு ஒன்றாக எடுப்போம். எனக்கு வந்தது ஏசாயா 54-ஆம் அதிகாரத்து வசனம், பிள்ளைகளுக்குக் கர்த்தரே போதகராக இருப்பார் என்று சொல்லுகிற வசனம். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. "பார்த்தீங்களா, கர்த்தர் சொல்லிட்டார்" என்று என் கணவரிடம் அட்டையை நீட்டினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீ நவம்பர்லயே முடிவு பண்ணிட்டியேம்மா."

அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. சில நூறு டாலருக்குப் பெட்டி நிறையப் புத்தகம் வாங்கினேன். ஆகஸ்ட் முதல் மே வரை 36 வாரம். ஒவ்வொரு நாளுக்கும் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பாடம், பாடத்துக்கு ஒரு நிறம். காலி என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. பாடம் தொடங்குவதற்கு முந்தின இரவு குடும்ப ஜெபத்தில் அந்த பைலின்மேல் கைவைத்து, "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்றேன். கேட்டேனா? இல்லை. காட்டினேன்.

செப்டம்பரில் என்ன ஆயிற்று? சுவரில் வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். நான் அதில் எழுதுவேன், அவன் மேசையில் இருந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். உட்கார மாட்டேன் என்கிறான். ஒரு வார்த்தை எழுதுவான், எழுந்து பலகை வரை போவான், திரும்ப வருவான், தப்பாக எழுதுவான், அழிப்பான். அழித்து அழித்து ஒரு நாள் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. மேசை முழுக்க ரப்பர்த் துகள். எனக்கு வந்த கோபத்தில் அவன் அழுதான், அவன் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். இரவில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இவனுக்கு ஒரு இடத்தில் அமர்ந்திருக்கும் மனதைத் தாரும், கீழ்ப்படிதலின் ஆவியைத் தாரும்" என்று மன்றாடினேன். மூன்று வாரம் அதே ஜெபம்.

பிறகு ஒரு நாள் பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா வீடியோ காலில் வந்தார்கள். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அம்மா கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்டார்கள்: "ஏட்டி, அவன் கண்ணச் சுருக்குதான் பாரு. எந்திரிச்சு எந்திரிச்சுப் பலகைகிட்டப் போறானே, அது சேட்டை இல்லட்டி. அவனுக்குத் தெரியல. மொதல்ல கண்ணு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடி போட்டார்கள். வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தான் பிள்ளை. "அம்மா, இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றான்.

நான் கீழ்ப்படிதலின் ஆவியைக் கேட்டேன். ஆண்டவர் கண் டாக்டரை அனுப்பினார். நான் மூன்று வாரமாகக் கண்ணை மூடி ஜெபித்தேன், என் அம்மா பத்து நிமிஷம் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். வழிநடத்துதல் எந்த வழியாக வந்தது? சொல்லுங்கள்!

இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா? உண்டு. நெகேமியாவைத் திறந்து பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவருக்கு வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். தாம் பணிவிடை செய்த பாரசீக ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம்! நான்கு மாதம் திட்டத்தை யாரிடமும் காட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர்.

அந்த நான்கு மாதம் அவர் சும்மா இருந்தாரா? ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, அந்த நொடியிலும் மனதுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டு, எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்கிறார். நதிக்கு அப்பால் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். ராஜாவின் வனத்துக் காவலன் பெயர் ஆசாப் என்று அறிந்து வைத்திருக்கிறார், கதவுகளுக்கு மரம் வேண்டும் என்று அவன் பெயருக்கே கடிதம் கேட்கிறார். ஜெப வீரர் என்கிறோமே, அவர் கையில் மரப் பட்டியல் இருந்தது.

எருசலேமுக்குப் போனதும் என்ன செய்தார்? அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டாரா? இல்லை. மூன்று நாள் இருந்தார். பிறகு இரவில் எழுந்து, சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒரு மிருகத்தின்மேல் ஏறி, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அந்த மிருகம் நுழையவே வழியில்லை, அதையும் பார்த்தார். பார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் பேசினார். அந்த அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது.

நான்கு மாதம் கேட்டார். ஒரு இரவு பார்த்தார். 52 நாளில் கட்டினார். நாமோ கட்டுவதில் ஆரம்பிக்கிறோம். நம் பிள்ளையைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்திருக்கிறோமா? எங்கே இடிந்திருக்கிறது, எங்கே உறுதியாக நிற்கிறது, எந்த இடத்தில் நாம் நுழைய வழியே இல்லை என்று பார்த்திருக்கிறோமா?

அன்பானவர்களே, தன் பிள்ளைகளை அப்படிப் பார்த்த ஒரு தாயின் கதையை இனிச் சொல்கிறேன். இங்கிலாந்தில், லிங்கன்ஷயர் பகுதியில், எப்வொர்த் என்ற ஊர். அங்கே ஒரு குருவானவர் வீடு. அந்த வீட்டம்மாள் சூசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களில் ஒன்பது பேரைச் சிசுவிலேயே புதைத்தவர். மிஞ்சிய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தியவர்.

எப்படி நடத்தினார்? பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் பாடம் தொடங்கும். அதற்கு முந்தின நாளே வீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மதியம் இரண்டு முதல் ஐந்து, அந்த அறைக்குள் வேறு யாரும் நுழையக்கூடாது. முதல் நாளிலேயே எழுத்துகள் முழுவதும். மறுநாள் ஆதியாகமம் முதல் அதிகாரம், எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாக. பெண் பிள்ளைகளா? நன்றாக வாசிக்கத் தெரியும் வரை அவர்கள் கையில் தையல் வேலையைக் கொடுக்கமாட்டார். 1700-களின் தொடக்கத்தில் ஒரு தாய் இப்படிச் செய்தார்!

மாலி, நான்சி என்ற இரண்டு பெண்கள் மட்டும் எழுத்துகளைக் கற்க ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்களாம். அவர்களை அப்போது மந்தம் என்று நினைத்துவிட்டேன் என்றும், மற்ற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்றும் பிற்காலத்தில் அவரே எழுதினார். மனம் திறந்து எழுதிய தாய்! அவருடைய கண்டிப்பும் கடுமையானது. அந்தப் பிரம்பை நான் சிபாரிசு செய்யவில்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது வேறொன்று.

இவ்வளவு ஒழுங்கான பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. 1709-இல் வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுப் பையன் ஒருவனை மாடி ஜன்னல் வழியாக வாங்கி இறக்கினார்கள். பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் சிதறிப்போனார்கள். திரும்பி வந்தபோது பழைய பழக்கங்கள் போய்விட்டன. ஒழுங்கை மறுபடி கொண்டுவந்தார். ஆனால் மனசு?

அப்போதுதான் ஒரு புத்தகம் வந்தது. கணவர் லண்டன் போயிருந்த நேரம். மூத்த மகள் எமிலி அப்பாவின் அறையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அம்மா அவளையே வாசிக்கச் சொன்னார். தூரதேசத்தில் வேலை செய்த டேனிஷ் மிஷனெரிகளின் கடிதங்கள் அவை. எந்த தேசம் தெரியுமா? நம் தரங்கம்பாடி!

ஆம், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்களே, சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும், அவர்களுடைய கடிதங்கள்தான் 1709-இல் ஆங்கிலத்தில் அச்சேறி லண்டனில் வெளிவந்தன. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினாரே சீகன்பால்கு, அந்த ஊர்ச் செய்தி கடல் தாண்டிப் போய் எப்வொர்த்து வீட்டில் ஒரு தாயின் நெஞ்சைத் தொட்டது. பல நாள் அவரால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. நான் ஆணும் இல்லை, போதகரும் இல்லை, ஆனாலும் இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்ற எண்ணம் எழுந்தது. எங்கே தொடங்குவது? என் பிள்ளைகளிடமே தொடங்குவேன் என்று தீர்மானித்தார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்கிறார்.

சரி, தீர்மானித்து என்ன செய்தார்? புதிய பாடம் சேர்த்தாரா? ஆறு மணி நேரத்தை எட்டு மணி நேரம் ஆக்கினாரா? கிடையாது. ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவ்வளவுதான். திங்கள் மாலி. செவ்வாய் ஹெட்டி. புதன் நான்சி. வியாழன் ஜாக்கி. வெள்ளி பாட்டி என்ற மகள். சனி சார்ல்ஸ். ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து.

அந்த வியாழக்கிழமை ஜாக்கி யார்? எரியும் வீட்டு ஜன்னலிலிருந்து இறக்கப்பட்ட அந்தப் பையன்தான். பிற்காலத்து ஜான் வெஸ்லி! மெதடிஸ்ட் இயக்கத்தின் தகப்பன். ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பு படித்து, பாடம் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்ட பிறகும், அந்த வியாழக்கிழமை மாலைப்பொழுதில் ஒரு துளியை இன்னும் எனக்காகச் செலவிட முடியுமா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா ஒரே நாளில் கற்றுத்தந்த எழுத்துகளை அவர் திரும்பக் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலையைக் கேட்டார்.

வழிநடத்துதல் வந்தால் பட்டியல் நீளும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சூசன்னாவுக்குக் கிடைத்ததோ ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை.

"அப்படியானால் கணக்கு, இலக்கணத்துக்கெல்லாம் ஜெபம் தேவையில்லை, வேதபாடத்துக்கு மட்டும் போதும்" என்று யாராவது முடிவுகட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 1892-இல் ஆசிரியப் பயிற்சி நிலையம் தொடங்கிய ஷார்லட் மேசன் அம்மையாரின் புத்தகங்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. அவர் 1893-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. மேலே பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். கீழே வரிசையாக இலக்கணம், தர்க்கம், இசை, வானசாஸ்திரம், ஜியோமெட்ரி, எண்கணிதம் ஆகியவை பெண் உருவங்களாக அமர்ந்திருக்கின்றன. எண்கணிதத்தின் காலடியில் பித்தகோரஸ்! வேதத்தைக் கையில் தொட்டறியாத கிரேக்கர்! எல்லா அறிவுக்கும் ஆசான் ஒருவரே என்று அந்த அம்மையார் அங்கே உறுதிகொண்டார். ஆகையால், பின்னக் கணக்குக்கும் ஜெபியுங்கள். ஆண்டவருக்குப் பின்னம் தெரியும்.

பின்னம் அவருடையது என்றால், அதைக் கற்றுத்தராமல் விடுவதும் அவர்முன் ஒரு குறைதானே? இங்கே ஒரு கசப்பான வார்த்தை சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் என்னை அப்படி நடத்தவில்லை" என்று சொல்லிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்க வராததை மூடி மறைக்கிற வீடும் உண்டு. அது வழிநடத்துதல் அல்ல, ஒளிந்துகொள்ளுதல். நாம் வாழும் இந்த மாநிலத்தில் 1994-இல் உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளியே என்றது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமைப் பண்பு, இந்த ஐந்தும் இருக்க வேண்டும், அது பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாக நடக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பென்சில்வேனியாவில் இருக்கிறவர்கள் ஆண்டுக்கு 180 நாள், அல்லது அதற்கு ஈடாகச் சட்டம் சொல்லும் மணி நேரம், பாடம் நடந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து வைத்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். நம்மை அப்படி யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத இடத்தில் ஆண்டவர் கேட்பார் என்ற பயம் நமக்கு வேண்டும். சாட்சி சொல்லும்போது "கர்த்தர் சொன்னார்" என்று தொடங்குமுன், பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள். நோட்டும் சாட்சி சொல்லும்.

சரி, கேட்டோம், பார்த்தோம், தொடங்கினோம். பிப்ரவரி வரும்! பழைய ஆட்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்து, குளிரில் வீட்டுக்குள் அடைந்து, புத்தகம் பாதியில் நின்று, "பேசாமல் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம்" என்று மனசு அடித்துக்கொள்ளும் மாதம். அன்றைக்கு ஒரு ஜெபம் செய்வோம். அன்றைக்கே ஒரு பதிலும் வந்ததுபோல் இருக்கும்.

இக்னேஷியஸ் லொயோலா என்ற கத்தோலிக்கப் புனிதர், ஸ்பெயின் தேசத்துப் போர்வீரராக இருந்து மனம் மாறியவர், 16-ஆம் நூற்றாண்டில் தம் ஆவிக்குரிய பயிற்சிகளில் ஒரு விதி எழுதி வைத்தார். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதே அது. சபை வேறு என்று தள்ளிவிடாதீர்கள், பிப்ரவரி மாதம் எல்லாச் சபைக்கும் வருகிறது. மாற்றவே கூடாது என்பதில்லை. வீட்டுக்கல்வியை நிறுத்திப் பள்ளிக்கு அனுப்புவதே தேவ சித்தமாக இருக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவை அழுத இரவில் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, துணையோடு பேசி, உங்களைத் தட்டிக்கேட்கக்கூடிய ஒரு பெரியவரிடம் சொல்லி, அதன் பிறகு எடுங்கள். என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து பார்த்ததை, பக்கத்தில் நின்ற நான் பார்க்கவில்லையே!

வருஷம் முழுவதையும் ஜூலையிலேயே நிரப்ப வேண்டுமா என்று ஒரு சகோதரி வாசலில் கேட்டார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குப் பொழிந்த மன்னாவை நினையுங்கள். மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போயிற்று. அதே ஆண்டவர் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்க்கவும் சொன்னார், அது கெடவில்லை. அவர் சொன்ன அளவுக்குச் சேர்ப்பது திட்டம். பயத்தில் அள்ளிக் குவிப்பதுதான் புழுக்கும். எங்கள் வீட்டில் இப்போது ஆறு வாரத்துக்கு எழுதுகிறோம். ஏழாம் வாரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு பிள்ளைகளைப் பார்க்கிறோம். பிறகு அடுத்த ஆறு.

முடிக்கிறேன். உங்கள் நாற்காலிகளில் ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் வைத்திருக்கிறார்கள். தாளில் ஏழு கட்டம், ஏழு நாள். இன்று இரவு வீட்டுக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டு, அந்தத் தாளோடு உட்காருங்கள். கணக்கு என்று எழுதாதீர்கள். இலக்கணம் என்று எழுதாதீர்கள். ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுங்கள். எழுதிவிட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையிடத்தில் நான் பார்க்கத் தவறினது என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்து அறையில் அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். போய் ஒரு நிமிஷம் முகத்தைப் பாருங்கள்.

பாடங்கள் காலையில் எழுதப்படட்டும். உங்கள் வீட்டில் வியாழக்கிழமை மாலை யாருக்கு என்பதை மட்டும் இன்று இரவே எழுதிவிடுங்கள்.

 கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.